சோளத் தட்டையில் சாறு உண்டா? இலை நரம்பே சொல்லும்

சோளம் பயிரிடும் சிறு விவசாயிக்குத் தானியம் எவ்வளவு முக்கியமோ, தட்டையும் அவ்வளவு முக்கியம். கோடையில் மாடுகளைக் காப்பது தட்டைப் போர்தான். ஆனால் சில தட்டைகளை மாடு அடிவரை தின்கிறது. வேறு சிலவற்றில் இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் கழித்துப் போடுகிறது. அவ்வாறு கழித்த தண்டை ஒடித்துப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளே சாறில்லாமல் பஞ்சு போன்ற நெட்டியே இருக்கும்.

நரம்பில் தெரியும் அடையாளம்

தண்டை ஒடிக்காமலே இதை அறியலாம். கதிர் வெளிவரும் சமயத்தில் இலையின் நடுநரம்பைப் பார்க்க வேண்டும். நரம்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் தண்டு நெட்டி. மங்கிய பச்சையாக இருந்தால் தண்டில் சாறு உண்டு.

கோவையில் 1930-களில் ஜி. என். ரங்கசாமி அய்யங்காரும் அவருடன் பணிபுரிந்தோரும் சோளத்தின் பரம்பரைக் குணங்களை விரிவாக ஆராய்ந்தனர். நெட்டி ஓங்கு குணம், சாறு ஒடுங்கு குணம் என்பது அந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. இதற்குக் காரணமான ஜீன் சோளத்தின் ஆறாவது குரோமோசோமில் உள்ளது. அது எந்த ஜீன் என்பது 2018-ல் கண்டறியப்பட்டது. இந்த ஜீன் வேலை செய்தால் தண்டின் உட்பகுதிச் செல்கள் மடிந்து, அங்கே காற்று நிறைகிறது. ஜீன் பழுதுபட்டிருந்தால் செல்கள் உயிருடன் இருந்து சாற்றைத் தேக்கி வைக்கின்றன.

கலப்பு எப்படி வெளிப்படுகிறது?

ஒவ்வொரு செடியிலும் இந்த ஜீன் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு உண்டு. இரண்டில் ஒன்று வேலை செய்தாலே தண்டு நெட்டியாகிவிடும். இரண்டும் பழுதானால்தான் சாறு கிடைக்கும்.

ஆகவே சாற்றுச் செடியின் பூவில் அசல் நெட்டிச் செடியின் மகரந்தம் விழுந்தால், அந்த விதைகளில் முளைப்பவை யாவும் நெட்டியே. அவற்றிலிருந்து மறுபடி விதை எடுத்தால் 100 செடிகளில் சுமார் 75 நெட்டியாகவும் 25 சாறாகவும் பிரியும். அந்த 25-ம் வேறு மகரந்தம் சேராதவரை தலைமுறை தலைமுறையாகச் சாறாகவே வரும்.

இதில் விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. சாற்று ரகத்தில் நெட்டி கலந்தால் அது மறைந்திருக்க முடியாது. அடுத்த பட்டத்திலேயே வெள்ளை நரம்பாக வெளியே தெரிந்துவிடும். நெட்டி ரகத்தில் கலந்த சாறோ பல தலைமுறை மறைந்தே கிடக்கும்.

விதை எடுப்பவர்கள் செய்ய வேண்டியது

சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனினும் 100 பூக்களில் 5 முதல் 15 வரை அயல் மகரந்தம் சேர்வதுண்டு. எனவே:

1. கதிர் வெளிவந்ததும், பூக்கும் முன்பே, வெள்ளை நரம்புச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

2. மங்கிய பச்சை நரம்புள்ள நல்ல செடிகளில் கயிறு கட்டி அடையாளம் வைக்க வேண்டும். பூ நுனியிலிருந்து கீழ்நோக்கி மலரும். ஆகவே நுனி மலருமுன் கதிருக்குக் காகிதப் பை மாட்டி, அடிப்பூவும் முடிந்தபின் எடுக்க வேண்டும்.

3. சாறு வேறு, இனிப்பு வேறு. இனிப்பைப் பல ஜீன்கள் தீர்மானிக்கின்றன. அடையாளமிட்ட செடியின் பக்கத்தூரை மென்று பார்த்து, இனிப்பானவற்றை மட்டும் விதைக்கு நிறுத்தலாம்.

4. தண்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் தானியம் குறைந்துவிடலாம். கதிரின் கனத்தையும் பார்த்தே விதைக் கதிர்களை எடுக்க வேண்டும்.

இம்முறை ரகங்களுக்கே பொருந்தும். வீரிய ஒட்டுச் சோளத்தில் எடுத்த விதை அடுத்த முறை பல குணங்களாகப் பிரிந்துவிடும். அதற்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதையே வாங்க வேண்டும்.

காகிதப் பைக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவு சொற்பம். கதிர் வரும் வாரத்தில் காலையில் ஒரு சுற்று வயலுக்குள் நடந்து நரம்பைப் பார்ப்பவரின் மாட்டுக்கு, அடுத்த ஆண்டுத் தட்டையில் கழிவு குறையும்.