விமான உடல் செய்யும் எளிய வழி

பல்சா மரத்தில் மாதிரி விமானம் செய்ய முனைவோர் பலர், அதன் உடலை உருண்டையாக்க முயன்று காசு கொடுத்து வாங்கிய பலகையை வீணாக்குகின்றனர். பெட்டி வடிவமே எளிது. வரைபடத்தின் மீது மெழுகுத்தாள் விரித்து இடப்பக்கச் சட்டத்தை ஒட்டுக. அதன்மேல் மற்றொரு தாளிட்டு வலப்பக்கத்தையும் அமைத்தால் இரண்டும் ஒத்திருக்கும். நன்கு காய்ந்தபின் குறுக்குச் சட்டங்களால் இணைத்திடுக. பசை காயுமுன் பிரித்தெடுக்கும் கைகளை ஆண்டுதோறும் காண்கிறேன்! பக்கங்கள் சற்றே வேறுபடினும் உடல் வளையும். விமானம் நேராகப் பறவாது.

பிரிட்டனின் 'மொஸ்கிட்டோ' போர் விமானத்தின் உடலும், ஒட்டுப்பலகைகளுக்கிடையே பல்சா வைத்து, நெடுக்காக இரு பாதிகளாகவே செய்யப்பட்டது. பாதிகள் திறந்திருக்கையிலேயே உட்கருவிகளைப் பொருத்திப் பின்னர் ஒட்டினர். 1955 டிசம்பர் 15-இல், நம் ஜொகூர் நீரிணைக்கு அக்கரையிலுள்ள செலேத்தார் தளத்திலிருந்து மலாயாக் காடுகளைப் படமெடுக்கப் பறந்ததே, பிரிட்டிஷ் அரச விமானப்படையில் அம்மர விமானத்தின் இறுதிப் போர்ப்பணி.