பக்கத்தில் வந்தால் மட்டும் மணக்கும் சென்ட்

சியோலுக்கு வேலைக்கு வந்த பிறகு சென்ட் விஷயத்தில் என் ரசனையே மாறிவிட்டது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஜவ்வாதும் அத்தரும் வாசலிலேயே ஆளை வரவேற்கும். இங்கே காலை நெரிசலில், இரண்டாம் தட மெட்ரோவில் தோளோடு தோள் இடித்து நின்றாலும் மூக்கைத் துளைக்கிற வாசனை அபூர்வம். பழக்கத்தோடு உடல்வாகுக்கும் இதில் பங்கு உண்டு. வியர்வை நாற்றத்தோடு தொடர்புடைய ஏபிசிசி11 மரபணு, கொரியர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் நாற்றம் குறைவாக வரும் வகையில் அமைந்திருக்கிறது. மறைக்க நாற்றமே இல்லாதபோது சென்ட் எதற்குக் கத்த வேண்டும்?

கிரான்ஹேண்ட் (2014), டாம்புரின்ஸ் (2017), நான்ஃபிக்‌ஷன் (2019) போன்ற சியோல் நிறுவனங்களின் சென்டுகளைப் பூசிப் பார்த்ததில் நான் கற்றுக்கொண்டவை இவை.

கடையில் தரும் காகிதப் பட்டையை மோந்த கையோடு பணம் கட்டாதீர்கள். முதலில் எழுவது எலுமிச்சை, மூலிகை மாதிரி சட்டென்று பறந்துவிடும் வாசனை. மரமும் கஸ்தூரியும் பின்னால்தான் வரும். மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு, தேய்க்காமல், வெளியே ஒரு நடை போய்வாருங்கள். நான்ஃபிக்‌ஷனின் சாண்டல் கிரீமில் நான் எதிர்பார்த்தது கல்லில் இழைத்த சந்தனம். முன்னால் வந்ததோ அத்தியின் பச்சை வாசம். காபி குடித்து முடித்த பிறகே சந்தனம் பால்போல இளகி, தோலோடு ஒட்டியது.

‘ஒன்றுமே மணக்கவில்லையே’ என்று தோன்றினால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். இந்த மென்மையான சென்டுகளில் செயற்கைக் கஸ்தூரி அதிகம். சில கஸ்தூரி மூலக்கூறுகள் சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. போதாததற்கு, பூசியவரின் மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். நமக்குத் தெரியவில்லை என்று மேலும் மேலும் அடித்தால், லிஃப்டில் கூட வருபவர்தான் பாவம்.

பெட்டியில் எழுதியிருக்கும் மூலிகைப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். பல நமக்குச் சொந்தக்காரர்கள்தான். கொரியர்கள் சூப்பிலும் அரிசிப் பலகாரத்திலும் போடும் ‘சுக்’, மருக்கொழுந்து சேர்ந்த ஆர்ட்டிமீசியா பேரினத்துச் செடி. டானோ திருநாளில் பெண்கள் தலை அலசும் தண்ணீரில் கொதிக்கவிடும் ‘சாங்போ’, நம் பாட்டிமார் பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லும் வசம்பு. இந்த உறவு தெரிந்தால், வாசனை எப்படி இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவர் பாட்டிலுக்கு முன் மணப்பை வாங்கலாம். அந்தக் காலத்தில் ஹன்போக் உடையோடு ‘ஹியாங்னாங்’ என்ற சிறு பட்டுப் பையில் வாசனைப் பொருள்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆள் அசைந்தால் மணமும் அசையும். கிரான்ஹேண்ட் போன்ற கடைகளில் இன்று விற்கும் தொங்கும் மணப்பையும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. அலமாரியில் மாட்டினால் சட்டையில் லேசாக ஏறும். மணம் பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டம் பெரிதில்லை.

குளிர்காலத்தில் ‘ஒண்டோல்’ தரைச்சூட்டில் அறைக் காற்று வறண்டுவிடும், தோலும் வறண்டுபோகும். வறண்ட தோலில் சென்ட் நிற்காது. வாசனையில்லாத கிரீம் தடவி, அது காயுமுன் சென்ட் அடிப்பேன். கழுத்துத் துணியில் ஒரு துளி போதும், மாலைவரை இருக்கும்.

ஊருக்கு வாங்கிப் போவதென்றால் சின்ன பாட்டிலே நல்லது. விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் திரவ பாட்டிலை அனுமதிக்க மாட்டார்கள். தவிர, சென்னை வெயிலில் இந்த மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும். வெயிலில் அலைகிற நாளுக்கு இது தாங்காது. ஏசி அறையில் நாள் முழுக்கப் பலரோடு உட்கார வேண்டிய வேலையென்றால் தாராளமாக வாங்கலாம்.