அயல்நாட்டில் பணம்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலே கல்வராயன் மலைத் தேனுக்கும் புளிக்கும் விலையாகும் ரூபாய்த் தாளைச் சிங்கப்பூர்க் கடைக்காரர் ஏற்பதில்லை. அங்கே வழங்குவது வெள்ளி. ஆதலின், நிலத்தை ஈடு வைத்துப் பொருளீட்டச் செல்லும் உழவர் மகன் பணம் மாறும் முறையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முற்காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் வாணிகம் புரிந்த நகரத்தார் உண்டியலைக் கையாண்டனர். இரங்கூனில் தொகையைச் செலுத்தினால் செட்டிநாட்டில் அதனைப் பெறலாம். கடல் கடந்தது கடிதமேயன்றிப் பணமன்று; கள்வருக்கும் புயலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. 2023 பிப்ரவரியில் இந்திய, சிங்கப்பூர்ப் பணவழங்கல் அமைப்புகள் இணைக்கப்பட்ட பின், சில வங்கிகளின் வழியே கைப்பேசியும் அவ்வேலையைச் செய்கிறது.

இது வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியது. முதற்சம்பளம் வரும்வரை அங்கே செலவுக்கு ஊர் வங்கியின் அட்டையே துணை. அதனைச் செருகியதும், "ரூபாயிலா, வெள்ளியிலா?" என்று சில பொறிகள் வினவும். நம் நாட்டு நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தேர்வோர் பலர். அவ்வாறு தேர்ந்தால், மாற்று வீதத்தைக் கடையின் பக்கத்தார் வகுத்து, தம் ஊதியத்தையும் அதிலேயே சேர்த்துவிடுவர். வெள்ளியைத் தேர்தலே பெரும்பாலும் செலவைக் குறைக்கும். பற்றுச்சீட்டில் வெள்ளித் தொகை உள்ளதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும்.