அடைத்த கடை திறக்கும்போது



ஒரு கடையை அடைக்க எவ்வளவு நேரமாகும்? கதவை இழுத்துப் பூட்டினால் ஒரு நிமிடம் போதும். அதே கடையைக் கொள்ளைநோய்க் காலத்தில் ஆபத்தின்றித் திறக்க எத்தனை நாளாகும்? சென்னைக் கோயம்பேட்டின் காய்கறிச் சந்தைக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. அது ஏன் என்பதே இன்று நாம் படிக்கப்போகும் பாடம்.

சந்தை அடைபட்ட கதை

சென்னையின் காய்கறி வணிகம் முன்பு கொத்தவால் சாவடியில் நடந்தது. அங்கே நெரிசல் தாங்காமற்போகவே, கோயம்பேட்டில் புதிய சந்தை கட்டி 1996-ஆம் ஆண்டு திறந்தார்கள். அங்கே 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. விடியுமுன்பே லாரிகள் வந்து நிற்கும். மூட்டை தூக்குவோர், கணக்கு எழுதுவோர், தள்ளுவண்டிக்காரர், பூக்கட்டும் பெண்கள் எனப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிவது அச்சந்தையால்தான்.

2020 மார்ச் 25 அன்று கொரோனா நோய்க்காக நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஆனால் உண்ணாமல் யாராலும் இருக்க முடியாதல்லவா? ஆகவே சந்தை தொடர்ந்து நடந்தது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்குச் சென்னையில் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், முந்தின நாளே மக்கள் காய்கறி வாங்கத் திரண்டுவிட்டனர். அம்மாத இறுதியில் சந்தையில் நோய் கண்டறியப்பட்டது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது.

இதற்குள் தொழிலாளர் பலர் சொந்த ஊர்களுக்குப் போயிருந்தார்கள். சந்தையோடு தொடர்புடைய நோயாளிகள் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களிலும் கண்டறியப்பட்டனர். இதிலிருந்து முதல் பாடத்தைக் கற்கிறோம். அவசர அறிவிப்பு கூட்டத்தைக் கூட்டும். வேலையும் தங்க இடமும் இல்லாதவர் ஊருக்குத்தான் போவார். அடைப்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும்.

விளைந்த காய் வயலில் காத்திருக்காது. ஆகையால் அதே மாதம் திருமழிசையில் ஏறக்குறைய 200 கடைகளுடன் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. பூவும் பழமும் மாதவரத்துக்குச் சென்றன. திறந்தவெளியாகையால் திருமழிசையில் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் மழை பெய்தபோது சேற்றில் வண்டிகளும் மூட்டைகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஏன் மெதுவாகத் திறக்க வேண்டும்?

இந்நோய் உடலில் புகுந்த அன்றே தெரிவதில்லை. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஐந்தாறு நாட்களும், சிலருக்கு 14 நாட்கள் வரையிலும் ஆகலாம் என்று அப்போது கணித்தார்கள். அறிகுறி இல்லாதவரும் பிறருக்கு நோயைத் தரக்கூடும். ஆகவே இன்று ஒரு கடைத்தெருவைத் திறந்தால், அதன் விளைவை அறிய ஏறத்தாழ இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டால், நோய் கூடும்போது எந்தக் கதவு வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க இயலாது.

கணிதம் கற்கும் மாணவிகள் இதை எளிதில் உணர்வார்கள். ஒருவர் இருவருக்கும், அவ்விருவர் நால்வருக்குமாக நோயைத் தந்தால், பத்தாம் படியில் 1,024 பேர் ஆவர். ஆனால் 100 பேர் சேர்ந்து 80 பேருக்கு மட்டுமே தந்தால், அடுத்த படியில் 64 என்று நோய் தேய்ந்துகொண்டே போகும். பெருகுவதற்கும் தேய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதே. கடையில் ஒரு சன்னலைத் திறந்து வைப்பது, வரிசையில் இடைவெளி விட்டு நிற்பது, முகக்கவசத்தை மூக்கிற்கு மேல் அணிவது ஆகிய சிறு செயல்கள் கணக்கின் போக்கையே மாற்றிவிடும்.

தொடக்கத்தில் நம்மில் பலர் காய்கறிகளை மஞ்சள்நீரில் கழுவிக் கழுவி வைத்தோம். கை கழுவுவது நல்ல பழக்கமே, அதை விடலாகாது. ஆயினும் இந்நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே, அதுவும் காற்றோட்டமில்லாத நெரிசலான அறைகளில் பரவுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே திறக்கும் கடைக்குச் சோப்பும் நீரும் எவ்வளவு தேவையோ, அதைவிடக் காற்று தேவை.

படிப்படியாகத் திறந்த முறை

கோயம்பேட்டில் 2020 செப்டம்பர் 18 அன்று முதலில் உணவு தானியச் சந்தை திறக்கப்பட்டது. செப்டம்பர் 28 அன்று காய்கறிச் சந்தையின் பெரிய கடைகள் மட்டும், ஏறக்குறைய 200, திறந்தன. மொத்த வியாபாரத்துக்கு மட்டுமே அனுமதி. வீட்டுக்குக் காய் வாங்கப் பொதுமக்கள் உள்ளே வர இயலாது. ஏனைய கடைகள் பின்னரே திறந்தன. சிறு கடைக்காரருக்கு இந்தக் காத்திருப்பு மிகக் கடினமாய் இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. பெரியவர் கடை திறந்து, சிறியவர் கடை மூடிக்கிடந்தால், மனம் வெதும்பாதா? படிப்படியாகத் திறப்பது சரியான முறையே; ஆனால் கடைசிப் படியில் நிற்பவருக்கு அதுவரை கைகொடுப்பதும் அம்முறையின் ஒரு பகுதியாக வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலின்போது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் சட்டப்படி முகக்கவசம் அணிந்தனர். நோய் தணிந்ததும் நவம்பர் 21 அன்று நண்பகலில் ஊதல் ஒலிக்க, அனைவரும் மகிழ்ச்சியுடன் அதைக் கழற்றி எறிந்தனர். சில வாரங்களில் நோய் திரும்பியது. 1919 ஜனவரியில் மீண்டும் கவசம் அணிய ஆணையிட வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடங்களும் இதே பாடத்தைக் கற்றன. தமிழகத்தில் 2020 நவம்பர் 16 அன்று 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளைத் திறப்பதாக இருந்தது. பெற்றோரின் கருத்தைக் கேட்டபின் அது தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகள் மட்டும், அறைக்கு 25 பேர் என்ற அளவில் தொடங்கின. மார்ச் 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகளை மீண்டும் நிறுத்த நேர்ந்தது. செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை திறந்து, நவம்பர் 1-இல்தான் சின்னஞ்சிறு பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். திறந்த கதவை மறுபடி சாத்த நேர்வது தோல்வியன்று. சாத்த வேண்டிய வேளையில் சாத்தாமலிருப்பதே தோல்வி.

கடைசி ஆளின் கூலி

இவை அனைத்தையும்விட முக்கியமான ஒன்று உண்டு. மூட்டை தூக்கும் ஒருவருக்குக் காலையில் உடம்பு சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். “காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வராதே” என்று வாயிலில் பலகை தொங்குகிறது. அவர் அதைப் படிக்கிறார். ஆனால் அன்றைய கூலி போனால் அன்றிரவு வீட்டில் உலை ஏறாது. ஆகவே காய்ச்சலை மறைத்துக்கொண்டு உள்ளே வருகிறார். குற்றம் அவருடையதா?

வெப்பமானி கொண்டு அவரைப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவோம். ஒரு மாத்திரை விழுங்கினால் வெப்பமானியும் ஏமாறும். அவர் படுத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்று முதலாளி சொன்னால், அவர் தாமாகவே வீட்டில் இருப்பார். அந்தக் கூலி தருமமன்று. கடையைக் காக்கும் பூட்டு அதுவே. பலமான கதவும் பலவீனமான ஓர் ஆணியில் தொங்கினால் நில்லாதல்லவா?

2023 மே 5 அன்று, கோயம்பேடு மூடப்பட்டுச் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, கொரோனா தொடர்பான உலக அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டதென்பது அதன் பொருளன்று. வேறொரு கொள்ளைநோய் வராதென்று சொல்பவரும் இல்லை. அன்று கடையிலும், அலுவலகத்திலும், மருத்துவமனையிலும் பொறுப்பில் இருக்கப்போகிறவர்கள் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நீங்களே.

வீட்டில் பெற்றோருடன் பேசிப் பார்க்க:

1. நம் தெருவிலுள்ள கடைகளில் காற்றோட்டம் உள்ளவை எவை?

2. ஊர் முழுதும் அடைபட்டால், முதலில் திறக்க வேண்டியவை எவை? ஏன்?

3. நம் வீட்டில் வேலை செய்பவர் நோயுற்றுப் படுத்தால், அன்றைய கூலியை நாம் தருகிறோமா?

மூன்றாம் வினாவுக்கு நேர்மையாக விடை கண்டால், பாடத்தின் பெரும்பகுதியை நீங்கள் கற்றுவிட்டீர்கள்.