மாறியதை மட்டும் மாற்றும் ஹேக்கில்

சிறிய வெப்சைட்டுக்கு டேட்டாபேஸ் தேவையில்லை. எல்லாப் பக்கங்களையும் நம் கம்ப்யூட்டரிலேயே எச்.டி.எம்.எல். பைல்களாகத் தயாரித்து சர்வரில் ஏற்றினால் போதும். இதற்கான புரோகிராம்களே ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர்கள். நான் பயன்படுத்துவது ஹாஸ்கெல் என்னும் ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்ட ஹேக்கில்.

ஃபங்ஷனல் மொழியில் ஒரு ஃபங்ஷனுக்கு அதே உள்ளீட்டைக் கொடுத்தால் அதே விடைதான் வரும். எனவே உள்ளீடு மாறாதபோது மீண்டும் இயக்குவது வீண். 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய மேக் புரோகிராமும் பைல்களின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியதை மட்டுமே புதுப்பித்தது.

உதாரணமாக, 100 கட்டுரைகளுக்கு ஒரே டெம்ப்ளேட் என்று கொள்வோம். ஒரு கட்டுரையைத் திருத்தினால் அந்தப் பக்கமும், அதைப் பட்டியலிடும் முகப்புப் பக்கமும் மட்டும் புதிதாகும். டெம்ப்ளேட்டைத் திருத்தினால் 100 பக்கங்களும் மாறும். எது எதைச் சார்ந்தது என்பதை ஹேக்கில் குறித்து வைத்துக்கொள்கிறது.

செய்முறை:

1. கட்டுரையை மார்க்டவுன் முறையில் டைப் செய்யவும்.
2. 'பில்ட்' கட்டளை தரவும். பாண்டாக் அதை எச்.டி.எம்.எல். ஆக மாற்றும்.
3. 'வாட்ச்' கட்டளை தந்து பிரவுசரில் சரிபார்க்கவும்.
4. 'சைட்' ஃபோல்டரில் உள்ளவற்றை சர்வரில் ஏற்றவும்.

கவனிக்க: விதிகள் அடங்கிய பைலும் ஒரு ஹாஸ்கெல் புரோகிராம்தான். அதைத் திருத்தினால் கம்பைல் செய்தபின் 'ரீபில்ட்' தரவும். வெறும் 'பில்ட்' தந்தால் கட்டுரைகள் மாறவில்லை என்று கருதி, பழைய பக்கங்களையே விட்டுவிடும். வாசகருக்குப் பழைய தகவலே போய்ச்சேரும்.