ரேஷன் கடை பாஷை: ஒரு பாடம்

(இரண்டாமாண்டு மாணவி, மின்னணுவியல் துறை)



நம் லேபில் ரெசிஸ்டரைக் கையில் எடுத்தால் முதலில் என்ன பார்க்கிறோம்? நிறக் கோடுகளைத்தான். அதைப் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் பொடிக் குச்சி. படிக்கத் தெரிந்தால் எத்தனை ஓம் என்று அதுவே சொல்லிவிடும். நம் வீட்டு ரேஷன் கார்டும் அப்படித்தான். இதை நான் காலேஜில் கற்கவில்லை, பருப்பு போன பிறகு கற்றேன்.

என் அம்மா கிரிவலப் பாதையில் பூ விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தி. ஒரு மாதம் அம்மா கடையிலிருந்து அரிசியும் சர்க்கரையும் மட்டும் கொண்டு வந்தார். "பருப்பு வரலையாம், பாப்பா. அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்றார். அன்று இரவு அலாரம் வைக்க அவர் செல்போனை எடுத்தேன். கடையிலிருந்து வந்த மெசேஜ் திறக்காமலே கிடந்தது. அதில் துவரம் பருப்பு ஒரு கிலோ வாங்கியதாக இருந்தது!

அன்றைக்குத்தான் கார்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். நான் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கார்டில் உள்ள எழுத்துகள்

முன்பு காகித கார்டு இருந்தது. பச்சை என்றால் அரிசி, வெள்ளை என்றால் சர்க்கரை. படிக்காதவருக்கும் நிறம் புரிந்தது. வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி ஓட்டினார்கள். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. நிறம் போய் எழுத்து வந்தது. குடும்பத் தலைவர் போட்டோவுக்குக் கீழே பாருங்கள்.

பி.எச்.எச்.: பிரியாரிட்டி ஹவுஸ்ஹோல்ட், அதாவது முன்னுரிமைக் குடும்பம்.

பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்.: அந்த்யோதயா அன்ன யோஜனா. மிகவும் ஏழ்மையான குடும்பங்களுக்கு 2000 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். மாதம் 35 கிலோ அரிசி.

என்.பி.எச்.எச்.: முன்னால் உள்ள 'என்' நான் என்பதைக் குறிக்கும். முன்னுரிமை இல்லாத குடும்பம்.

என்.பி.எச்.எச்.-எஸ்.: 'எஸ்' என்றால் சுகர். அரிசி கிடையாது, அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை.

என்.பி.எச்.எச்.-என்.சி.: நோ கமாடிட்டி. எந்தப் பொருளும் இல்லை.

'முன்னுரிமை இல்லை' என்றதும் எங்கள் சித்தி பயந்துவிட்டார், இனி அரிசி நின்றுவிடுமோ என்று. அப்படி இல்லை. இந்தப் பிரிவு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்தது. தமிழ்நாட்டில் இது 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, எல்லோருக்கும் ரேஷன் என்ற பழைய முறையை மாநில அரசு விடவில்லை. அதனால் வெறும் என்.பி.எச்.எச். கார்டுக்கும் விலையில்லா அரிசி உண்டு. வால் பகுதியில் 'எஸ்' அல்லது 'என்.சி.' இருந்தால்தான் கிடையாது.

கடையில் பேசும் பேச்சு

"லோடு வரல" என்றால் கோடவுனிலிருந்து சரக்கு வரவில்லை. "சர்வர் இல்ல" என்றால் மெஷினுக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை. "விரல் வைங்க" என்பது கைரேகைப் பதிவு. "டோக்கன்" என்பது பொங்கல் பரிசு மாதிரி சமயங்களில் முன்கூட்டியே தரும் சீட்டு. எந்தத் தேதி, எந்த நேரம் வர வேண்டும் என்று அதில் இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது "பில் போட்டாச்சு". பில் போட்டுவிட்டால் நீங்கள் பொருளை வாங்கிவிட்டதாகக் கணக்கு. பில்லில் ஏறியதும் பையில் ஏறியதும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 (அந்த்யோதயா கார்டுக்கு 13.50). கூட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

மறுநாள் அம்மாவோடு போனேன். சண்டை போடவில்லை. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மெசேஜைக் காட்டினேன். தவறிப் பதிவாகிவிட்டது என்றார்கள். பருப்பு கிடைத்தது. திரும்பி வரும்போது அம்மா கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை மாசம் இப்படிப் போச்சோ, பாப்பா?" பழைய மெசேஜ்களைத் தேடினேன். இடம் இல்லை என்று யாரோ அழித்திருந்தார்கள். என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். கார்டின் எழுத்தைப் படித்து வீட்டாருக்குச் சொல்லுங்கள். கார்டில் பதிந்த செல் நம்பர் உங்கள் வீட்டு நம்பர்தானா என்று பாருங்கள். மனு எழுதிக் கொடுத்தவர் நம்பரே பல கார்டுகளில் இருக்கிறது. இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ மாற்றலாம். குறை இருந்தால் 1967-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.

இப்போது எங்கள் தெருவில் நாலைந்து பாட்டிமார் மெசேஜ் வந்ததும் செல்போனோடு என்னிடம் வருகிறார்கள். டிப்ளமோ முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஆனால் என் படிப்பு வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்த முதல் வரவு அந்த ஒரு கிலோ பருப்புதான்.