கெலிமுத்து: நிறம் மாறும் மூன்று ஏரிகள்

நம் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை ஒன்றேனும் இல்லை. ஆதலால் எரிமலை என்றதும், நெருப்பைக் கக்கும் மலை என்னும் ஓவியமே நம் மனத்தில் எழுகின்றது. எனினும் எரிமலையின் சாம்பல் நம் மண்ணுக்குப் புதியதன்று. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல், பேராக் மாநிலத்தின் கோத்தா தம்பானில் இன்றும் படிவமாகக் கிடக்கின்றது. அவ்வெடிப்பினால் உண்டான பெரும்பள்ளத்தில் நீர் நிறைந்ததே தோபா ஏரியாகும்.

எரிமலையின் வாயில் நீர் தேங்கி ஏரியாவது உலகில் பல இடங்களில் நிகழ்வதே. ஆனால் ஒரே மலையுச்சியில் ஒரே மழையைப் பெறும் மூன்று ஏரிகள் மூன்று நிறங்களில் காட்சியளிப்பதும், அந்நிறங்களும் நிலைத்து நில்லாமல் மாறிக்கொண்டிருப்பதும் மிக அரிது. அத்தகைய இடம் ஒன்று நம் அண்டை நாடான இந்தோனேசியாவில், புளோரெஸ் தீவில் உள்ளது. கெலிமுத்து என்பது அதன் பெயர்.

முத்து என்று நம் செவியில் இனிமையாக ஒலித்தாலும், மலாய்மொழியில் 'மூத்து' என்றால் தரம் என்று நாம் அறிந்திருந்தாலும், அப்பெயரின் பொருள் வேறு. அங்கு வாழும் லியோ மக்களின் மொழியில் 'கெலி' என்பது மலை. 'முத்து' என்பது கொதித்தல். கொதிக்கும் மலை என்று அவர்கள் பெயரிட்டது காரணத்தோடுதான். 1968ஆம் ஆண்டிலும் அங்கு ஒரு சிறு வெடிப்பு நிகழ்ந்திருக்கின்றது.

மலையின் உயரம் 1,639 மீட்டர். கேமரன் மலையின் தானா ராத்தா நகரைவிடச் சற்று உயரமானது எனலாம். 1992இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளியான 5,000 ரூப்பியா நோட்டின் பின்புறத்தில் இம்மூன்று ஏரிகளின் படமும் இடம்பெற்றது. அந்த நோட்டு இப்போது புழக்கத்தில் இல்லை. அதில் கண்ட நிறங்களும் அவ்வண்ணமே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. படத்தில் கண்ட நிறத்தைத் தேடிச் சென்று, அது காணாமல் முகம் வாடித் திரும்புவோர் உண்டு. நிறம் ஏன் மாறுகின்றது என்பதை அறிந்து செல்வோருக்கு அந்த ஏமாற்றம் இராது.

முதலில் ஏரிகளை அறிமுகம் செய்துகொள்வோம். மேற்கே சற்று ஒதுங்கித் தனியே இருப்பது 'தீவு அத்தா ம்பூப்பு'. முதியோரின் ஏரி என்பது பொருள். மற்ற இரண்டும் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுள் ஒன்று இளைஞரும் கன்னியரும் சேரும் 'தீவு நூவா மூரி கோஓ ஃபாய்'. மற்றொன்று தீயோர் சேரும் 'தீவு அத்தா போலோ'. இவ்விரண்டையும் பிரிப்பது மெல்லிய பாறைச் சுவர் ஒன்றே. இளமைக்கும் தீமைக்கும் இடையே இத்தனை மெல்லிய சுவரை வைத்தது இயற்கைதான். ஆயினும் பெயரிட்ட முன்னோரின் எண்ணம் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

ஒருவர் இறந்ததும் அவருடைய உயிர் ஊரை விட்டு நீங்கி இம்மலைக்கு வருகின்றது என்பது லியோ மக்களின் நம்பிக்கை. பெரே கொண்டே என்னும் வாயிலில் கொண்டே ராத்து என்னும் காவலர் நிற்கின்றார். அவரைக் கடந்த பின்னரே, வயதுக்கும் செய்த செயலுக்கும் ஏற்ற ஏரியை உயிர் அடைகின்றது. இன்று புளோரெஸ் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஆயினும் முன்னோர் உறையும் மலை என்னும் மதிப்பு அவர்கள் நெஞ்சில் குறையவில்லை.

இனி நிறத்திற்கு வருவோம். பெய்யும் மழை மூன்று பள்ளங்களிலும் தேங்குகின்றது. மலையின் அடியாழத்தில் உருகிய பாறைக்குழம்பிலிருந்து கந்தகம் கலந்த ஆவிகள் பிளவுகளின் வழியே மேலேறி அந்நீரில் கரைகின்றன. நீர் கடும் அமிலமாகின்றது. இரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தை நாம் எத்துணைக் கவனமாகக் கையாள்கின்றோம்! நீர் கலவாத அமிலம் தோலில் பட்டால் புண்ணாகும் என்பது பால் கொட்டகையில் நிற்போர் அனைவரும் அறிந்ததே. ஏரியின் அமிலம் அவ்வகையினதன்று. கந்தக அமிலமும் உப்பு அமிலமும் சேர்ந்தது. அது பாறையையே அரித்து, அதிலுள்ள இரும்பு முதலியவற்றைக் கரைத்துக்கொள்கின்றது.

அந்த இரும்பே நிறத்தின் திறவுகோல். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதியை நம்மில் பலர் கண்டிருப்போம். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. புதிதாக இருக்கும்போது இளம்பச்சையாக இருக்கும். காற்றுப்படத் திறந்து வைத்தால் நாளடைவில் துருவின் நிறம் ஏறிவிடும். பொருள் மாறவில்லை, காற்றிலுள்ள உயிர்வளி இரும்புடன் கூடியதனால் நிறம் மாறியது. அத்தா போலோ ஏரியில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. கீழிருந்து ஆவி மிகுந்து வரும்போது நீரில் உயிர்வளி குன்றி, ஏரி பச்சையாகின்றது. ஆவி தணிந்து உயிர்வளி மிகும்போது இரும்பு துருவின் தன்மையடைந்து, ஏரி செந்நிறமும் கருஞ்சிவப்பும் கொள்கின்றது.

நூவா மூரி ஏரியில் ஆவியின் வேகம் அதிகம். மூன்றனுள் மிகக் கடுமையான அமிலம் நிறைந்தது அதுவே. நீரில் மிதக்கும் நுண்ணிய கந்தகத் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால், பால் கலந்தாற்போன்ற நீலப்பச்சை நிறம் தோன்றுகின்றது. சில வேளைகளில் மஞ்சள் நிறக் கந்தகம் ஆடைபோல் படர்ந்து மிதப்பதையும் காணலாம். மூன்று ஏரிகளுக்கும் ஆவி வரும் வழிகளும் அளவும் வெவ்வேறு. ஆதலால் ஒன்று மாறும் நாளில் மற்றொன்று மாறுவதில்லை. மழையின் அளவும் இதில் பங்கு கொள்கின்றது.

கந்தகம் நமக்கு அந்நியப் பொருளன்று. பால்மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் பருவத்தில் வெண்பொடி நோய் தாக்காதிருக்க ஊதுவது கந்தகத் தூளே. நாம் சேகரிக்கும் பால் உருளிப்பட்டையாக உறுதி பெறுவதும், 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி, இரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்குவதனால்தான். அம்முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயர். எரிமலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வால்கேனோ என்னும் பெயரும் இதுவும் வல்கன் என்னும் ரோமானிய நெருப்புத் தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள்.

கெலிமுத்துவுக்குச் செல்ல விரும்புவோர் எண்டே நகரையோ மௌமேரே நகரையோ முதலில் அடைதல் வேண்டும். எண்டே வரலாற்றுப் புகழ் பெற்றது. டச்சு அரசு சுகர்னோவை 1934 முதல் 1938 வரை அங்குதான் நாடுகடத்தி வைத்திருந்தது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மோனி என்னும் சிற்றூரில் இரவு தங்கி, விடியுமுன் வண்டியில் மலையேறுவது வழக்கம். இருளில் எழுவது பட்டணத்தாருக்குத் துன்பமாகலாம். பால்வெட்டுக்குப் புறப்பட்டுப் பழகிய நமக்கு அது ஒரு பொருட்டன்று. வண்டி நிற்குமிடத்திலிருந்து நடந்து, இறுதியில் படிகளில் ஏறினால் மூன்று ஏரிகளும் தெரியும் உச்சி வரும். நம் தேசிய மொழி அறிந்தவர்க்கு அங்கு மொழித்தடை பெரிதாக இராது. ஏரியை மட்டும் அவர்கள் 'டானாவ்' என்பர்.

விடியலில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளிச் சட்டை தேவை. ஞாயிறு எழுந்து சிறிது நேரத்திற்குள் மூடுபனி படர்ந்து ஏரிகளை மறைத்துவிடுவதும் உண்டு. மழைக்காலமான நவம்பர் முதல் மார்ச்சு வரை இத்தொல்லை மிகுதி. ஜூலை, ஆகஸ்டு மாதங்களே ஏற்றவை. காருகிவா என்னும் பறவையின் பாட்டை அவ்வேளையில் கேட்கலாம். அது புளோரெஸிலும் அருகிலுள்ள சும்பாவாவிலும் மட்டுமே வாழ்கின்றது.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். தடுப்புக் கம்பியைத் தாண்டி விளிம்புக்குச் சென்று படமெடுக்க எண்ணுதல் கூடாது. விளிம்பு உதிரும் மண்ணும் கல்லும் ஆனது. கீழே இருப்பதோ நீந்திக் கரையேறக்கூடிய நீரன்று. இளைப்பு நோய் உள்ளவர்கள் கந்தக நெடி வீசும்போது அங்கு நில்லாமல் இறங்கிவிடுதல் நலம். எரிமலையின் போக்கை அரசின் எரிமலைத் துறை கண்காணித்து வருகின்றது. பாதை மூடப்பட்டிருப்பின் காவலரிடம் கெஞ்சி உள்ளே செல்ல முயலக்கூடாது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 14ஆம் நாள், லியோ மக்கள் மரபுடை அணிந்து மலையேறி, முன்னோருக்குச் சோறும் இறைச்சியும் வெற்றிலை பாக்கும் படைக்கின்றனர். 'பாத்தி கா', அதாவது உணவு படைத்தல், என்பது அச்சடங்கின் பெயர். அன்று செல்லும் வெளியூரார் படையல் நடக்குமிடத்திலிருந்து சற்று விலகி நின்று, பெரியவர்கள் அழைத்தால் மட்டும் அருகே செல்கின்றனர்.